மூன்றாவது கம்பி

பெயர் தெரியாத பொருளை அவர் தொடமாட்டார். பெயர் இல்லையென்றால் ஒரு பெயரை வைத்துவிட்டுத்தான் தொடுவார். வைத்த மறு நிமிஷம் அந்தப் பொருளிடம் அவருக்கிருந்த பயம் போய்விடும். எனக்கோ அப்போதுதான் பயம் ஆரம்பிக்கும்.

சாந்தோமில், கடற்காற்று ஜன்னல் கம்பிகளை அரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். கீழே அவரும் அவருடைய தங்கையும், மாடியில் நானும் என் மனைவியும். கீழே இருந்த அக்கா பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ்ப் பண்டிதை. மாதா கோயில் நிழலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த குடும்பம். தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். பண்டிதை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டு, சீக்கிரமே கணவனைப் பறிகொடுத்துவிட்டு அக்காவிடம் திரும்பி வந்தவர். நான் மின்சார இலாகாவில், வீட்டு இணைப்பு கேட்டு வரும் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் பிரிவில் இருந்தேன். குறையில்லாத விண்ணப்பம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

பண்டிதையின் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தெரு முழுவதும் அறிந்தது யுத்த காலத்தில்தான். விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்காக ஊரில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். பத்திரிகைகள் அதை அபாயச் சங்கு என்று எழுதின. அது முதல்முறை அலறியபோது எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் மயக்கம் போட்டு விழுந்தார்கள். நானும் உட்கார்ந்திருந்ததால்தான் விழவில்லை. பண்டிதை வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இதப் போயி சங்குன்றாங்களே. சங்கு இப்பிடியா கத்தும்? இது ஊளையன்."

அவ்வளவுதான். மறுமுறை அது அலறியபோது, "ஊளையன் கத்துறான், வாங்க வாங்க" என்று சிரித்துக்கொண்டே ஜனங்கள் பதுங்கு குழிக்குள் இறங்கினார்கள். விதிப்படி குழிக்குள் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. நான் சொல்லிப் பார்த்தேன். "மாடி அண்ணன் ஊளையனுக்கு மச்சான்" என்றார் தங்கை. குழியே குலுங்கியது.

பெயர் வைத்தால் பயம் போகும் என்பதை அன்று நான் ஒரு நல்ல குணமாகத்தான் நினைத்தேன்.

பிறகு தங்கையின் மணிக்கட்டு விவகாரம் வந்தது. கிணற்றடிப் பாசியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பில் 'ஹேர்லைன்' விரிசல் என்று சொல்லி, கட்டுப் போட்டு, கையை அசைக்கக்கூடாது என்று அனுப்பினார். பண்டிதை வழியிலேயே அதைத் தமிழாக்கிவிட்டார்.

"மயிரிழ முறிவு."

மயிரிழை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. தங்கைக்கு அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. "மயிருதானே, போனாப் போவுது" என்பார். கட்டு அரித்தது. சீக்கிரமே அவிழ்த்துப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனார். மயிரிழைக்கு எத்தனை நாள்தான் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிடுவது? எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடியது. மணிக்கட்டு கோணிக்கொண்டது. சாப்பிடலாம், எழுதலாம், துணி பிழிய முடியாது.

அதைப் பற்றிப் பண்டிதை ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அதன்பின் அந்த வீட்டில் மயிர் என்ற சொல்லே இல்லாமல் போனது. தலைக்கு இருந்தது கூந்தல் மட்டும்தான்.

துணி பிழிய முடியாதது சாதாரணக் கஷ்டம் இல்லை. கோயில் பீடத் துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பது அவர்களுடைய தாயார் காலத்திலிருந்து அந்த வீட்டின் பொறுப்பு. தங்கைக்கு அதைத் தவிர வேறு எதுவும் சொந்தமாக இல்லை. பிள்ளை இல்லை, படிப்பு இல்லை, அக்காவின் வீடு, அக்காவின் சம்பளம். பீடத் துணி மட்டும் அவருடையது. பூசையில் எல்லோரும் சாமியாரைப் பார்ப்பார்கள். அவர் துணியைப் பார்ப்பார். இப்போது மூட்டை கொண்டுவரும் கோயில் ஊழியரான கோயில்பிள்ளை வாசலிலேயே நின்று தலையைச் சொறிய ஆரம்பித்திருந்தார்.

"சரியா பிழியாம ஓரமெல்லாம் மஞ்ச பூத்துக்கீதும்மா. சாமியார் ஒண்ணும் சொல்லல. கிறிஸ்மஸுக்கு வேற யார்னா கீறாங்களான்னு மட்டும் கேட்டாரு."

"ஒண்ணும் சொல்லலன்னா இன்னாத்துக்குய்யா கேட்டாரு?" என்றார் தங்கை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மூட்டையை வாங்கிய கை இடது கை.

அந்தச் சமயத்தில்தான் மெஷின் வந்தது. வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்து கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். அடையாறில் ஒரு துரைசானிக்குப் பண்டிதை தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த அம்மாள் ஊருக்குப் போகுமுன், கார்க் கொட்டகையில் யுத்தம் முழுவதும் தூங்கிக்கிடந்த ஒரு துணி துவைக்கும் மெஷினை, ஓடாது என்று எச்சரித்துவிட்டு, பண்டிதைக்குக் கொடுத்துவிட்டார். கைவண்டியில் வந்து இறங்கியது. மூன்று கால், எனாமல் பூசிய பெரிய தொட்டி, தலைமேல் இரண்டு உருளை.

"இன்னாம்மா இது, பீரங்கியா?" என்றார் வண்டிக்காரர்.

"பேரு இன்னும் வெக்கல," என்றார் பண்டிதை.

பல நாட்கள் அவர் அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, மெஷினோடு வந்த ஆங்கிலக் குறிப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒரு பெயர் ஏறியது. துணியைக் கலக்கும் துடுப்புக்கு உலுக்கி. மேலே இருக்கும் உருளைகளுக்குப் பிழிவான். மோட்டாருக்குச் சுழலி. ஃபியூஸுக்கு உருகி. மின்சாரம் வரும் கம்பிக்கு உயிர்க்கம்பி; அது திரும்பிப் போகும் கம்பிக்கு, பகையும் உறவும் இல்லாதவரைப் பழைய நூல்கள் நொதுமலர் என்று சொல்லும் என்று விளக்கி, நொதுமல் என்று வைத்தார். நான் மாடிப்படியில் நின்று சிரித்தேன். பிற்காலத்தில் உருகியும் நொதுமலும் பாடப்புத்தகத்தில் அச்சாகி வந்தபோது சிரிக்கவில்லை.

பெயர் வைத்து முடிந்த பிறகு கழற்ற ஆரம்பித்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்காருவார். பழைய ஜமுக்காளத்தின் மேல் ஆணி, பல்சக்கரம், வளையம் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைத்தார்.

"பொணத்த அறுத்த மாரி பரப்பி வெச்சிக்கிறியே. தெரும்ப உசுரு வருமா?" என்றார் தங்கை.

"வரும். நீ குறுக்க மிதிக்காத."

பல்சக்கரப் பெட்டிக்குள் மசகு கல்லாக இறுகியிருந்தது. ரேஷன் கிரசினில் ஊறவைத்துச் சுரண்டினார். துருவைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தார். பித்தளைக் குழாயைப் புளி போட்டு விளக்கினார். அறுந்துபோன வாருக்குப் பதில் தையல் மெஷின் தோல் வாரை இரண்டு மடங்காகத் தைத்துப் போட்டார். பிழிவானின் ரப்பர் மட்டும் கருவாடு போல வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்காக மூர் மார்க்கெட்டுக்குப் போனார். எனக்கும் அங்கே வேலையிருந்ததால் கூடப் போனேன். பழைய சாமான் கடை பாய் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"பிழிவான் உருளை இருக்குதா?"

"இன்னா உருள? உருளக்கெழங்கா? கொத்தவால் சாவடிக்குப் போம்மா."

நான் ஆங்கிலத்தில் 'ரிங்கர்' என்று உதவி செய்தேன். பாய் அதை மணி என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக ஒரு கதவு மணியை எடுத்துக் காட்டினார். கடைசியில் ஒரு பழைய சைக்கிள் டியூப் கிடைத்தது. பண்டிதை அதை வெட்டி, இழுத்துச் சுற்றி, ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டினார். நல்ல வேலை. குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கிய எனக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தபோது நான் கீழே போய், விளக்கு இணைப்பில் மோட்டார் ஓட்டக்கூடாது என்று முறைப்படி தெரிவித்தேன். தனி விண்ணப்பம், உரிமம் பெற்றவரின் சான்றிதழ், எங்கள் ஆள் வந்து பரிசோதனை.

"இப்ப விண்ணப்பம் குடுத்தா எந்தக் கிறிஸ்மஸுக்கு வரும் தம்பி?"

எனக்குப் பதில் தெரியும். கூடத்தில் தொங்கிய பல்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்தே மெஷினுக்கு மின்சாரம் எடுத்திருந்தார். சுவிட்சைப் போட்டார். மெஷின் ஒருமுறை முனகி, நடுங்கி, ஓட ஆரம்பித்தது. தங்கை இடது கையால் துணியைப் பிழிவானுக்குக் கொடுக்க, மறுபக்கம் அது அப்பளமாக வந்து விழுந்தது. அவர் அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் எனக்கும் விதிகளைப் பேச மனம் வரவில்லை.

கோயில்பிள்ளை தலை சொறிவதை நிறுத்தினார். வாரம்தோறும் மூட்டை பெரிதாகிக்கொண்டு வந்தது. கிறிஸ்மஸ் துணிகளும் வந்து சேர்ந்தன.

ஒருநாள் காலை ஆபீசுக்குப் படியிறங்கும்போது கீழே தங்கையின் குரல் கேட்டது.

"யக்கா, இன்னிக்கு சிலிர்ப்பு ஜாஸ்தி கீதுக்கா."

"ஈரமா இருந்தா அப்பிடித்தான். அலசு, அலசு."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அந்தச் சொல் அந்த வீட்டில் முன்பே புழங்கியிருக்கிறது என்பது அவர்கள் பேசிய விதத்திலேயே தெரிந்தது. உப்பு ஜாஸ்தி, வெயில் ஜாஸ்தி என்பது போலப் பேசினார்கள். உள்ளே போனேன்.

"எது சிலிர்க்குது?"

"மெஷினுதாண்ணே. மொதல்ல கிள்ளுது கிள்ளுதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். அக்காதான் சிலிர்ப்புன்னு சொல்லிச்சு. தொட்டா முழங்கை வரைக்கும் எறும்பு ஓடும். இன்னிக்குத் தோள் வரைக்கும் ஓடுது."

"பயப்படாதீங்க தம்பி, சிலிர்ப்புதான்," என்றார் பண்டிதை, அதில் எல்லாம் அடங்கிவிட்டது போல.

சுவிட்சை அணைத்தேன். பல்பு இருந்த இடத்திலிருந்து வந்த கம்பியைத் தொடர்ந்து போனேன். இரண்டு கம்பிகள்தான் மேலே போயின. மெஷினுக்கு மூன்று. விளக்கு இணைப்பில் மூன்றாவதற்கு இடம் கிடையாது. அந்த மூன்றாவது கம்பி, மெஷினுக்குப் பின்னால் மர ஸ்டூலின் மேலிருந்த ஒரு பூந்தொட்டிக்குள் போய் முடிந்தது. தொட்டி நிறையச் செம்மண். சலித்த மண், ஈரமாக இருந்தது. தொட்டியின் மேல் சாக்பீஸில், அழகான கையெழுத்தில், 'மண்'.

"இது என்ன?"

"மூணாவது கம்பிய எர்த்தோட சேக்கணும்னு தாள்ல போட்டிருக்கான். எர்த்துன்னா மண்ணு. ஈரமா இருக்கணும்னும் போட்டிருக்கு. தெனம் காலையில தண்ணி ஊத்துறேன். இங்க இருக்கிறது உப்பு மண்ணாச்சே, ஆகாதுன்னு சைதாப்பேட்டையிலேர்ந்து வரவழச்சேன்."

உப்பு மண்தான் இந்தக் காரியத்துக்கு உத்தமம் என்பதை நான் சொல்லவில்லை. மெஷினுக்குள் எங்கோ மின்சாரம் கசிகிறது; போக வழியில்லாமல் இரும்பு முழுவதும் பரவி நிற்கிறது; ஈரக் கையும் வெறுங்காலுமாக ஒரு பெண் அதை அணைத்துக்கொண்டு வேலை செய்கிறாள்; இரண்டு பேரும் அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

விதியைச் சொன்னேன். விதியின் எண்ணைச் சொன்னேன். அதை மீறினால் என்ன தண்டனை என்பதையும் சொன்னேன்.

"உங்க விதி இங்கிலீஷ்ல இருக்கு. அதுவும் எர்த்துன்னுதானே சொல்லுது? நான் வேற என்ன செஞ்சேன்?"

"இது ஆளக் கொல்லும்."

"ஓடுற ரயிலுகூடத்தான் கொல்லும்."

"அப்ப நான் ஆபீசுல சொல்லி இணைப்ப வெட்டச் சொல்றேன்."

தங்கை ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "யண்ணே, நாளன்னிக்குத் துணி குடுக்கணும்ண்ணே. இந்த ஒரு தபா வுட்டுடுண்ணே. நான் மெள்ளத் தொட்டுக்கிறேன்."

மெல்லத் தொட்டால் மெல்ல அடிக்கும் என்று எந்த விதியிலும் இல்லை. மின்சாரம் என்று வாயைத் திறந்தால் பண்டிதையிடம் ஒன்றும் ஏறாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைப் பார்த்து, என் பெரிய மேலதிகாரியிடம்கூட நான் உபயோகிக்காத பணிவோடு சொன்னேன்:

"அம்மா, மொழிபெயர்ப்பு தப்பு."

அவர் முகம் மாறிவிட்டது. கொல்லும் என்றபோது மாறாத முகம்.

"எது தப்பு?"

"எர்த்துன்னா இங்க மண் இல்ல. பூமி."

"பூமி வடசொல்."

"சரி. நிலம்."

"மண்ணும் நெலமும் ஒண்ணுதானே?" என்றார் தங்கை.

"மண்ண வண்டியில கொண்டு வரலாம். அம்மாவே வரவழச்சிருக்காங்க. நிலத்த வரவழைக்க முடியுமா? இந்தத் தொட்டியில மண் இருக்கு. நிலம் இருக்கா?"

பண்டிதை ஸ்டூலின் கால்களைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு தங்கையின் கோணிய மணிக்கட்டைப் பார்த்தார்; அதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ஒண்ணில்லடி," என்றார் மெதுவாக. "பேத்து எடுத்த மண்ணு நெலமாகாது."

அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. கிணற்றடியில் அவரே கடப்பாரை போட்டார். ஆழமாகத் தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினோம். மூன்றாவது கம்பியைத் தொட்டியிலிருந்து பிடுங்கி, நீளம் சேர்த்து, ஜன்னல் வழியாகக் கொண்டுபோய்க் குழாயோடு முறுக்கினேன். முறைப்படி இதையெல்லாம் செய்ய எனக்கு உரிமம் கிடையாது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

மெஷின் அடியில் ஒரு நீலப் பொறி. படார் என்று ஒரு சத்தம். கசிந்த மின்சாரத்துக்கு நிலத்துக்குள் போக வழி கிடைத்ததும் உருகி போய்விட்டது. கூடத்தில் துணி கருகிய வாசனை.

மெயினை அணைத்து, மெஷினைச் சாய்த்துப் பார்த்தேன். பழைய கம்பியின் நூல் உறை ஓரிடத்தில் தேய்ந்துபோய், உயிர்க்கம்பி மெஷினின் காலோடு உரசிக்கொண்டிருந்தது. பல் துலக்கும் வேப்பங்குச்சியின் கனம்கூட இல்லாத ஒரு செம்பு இழை.

"அப்ப இத்தினி நாளா?" என்றார் தங்கை.

மெஷினுக்கு முன்னால் கிடந்த பலகையை அப்போதுதான் கவனித்தேன். மெஷினோடு வந்த பெட்டியின் மூடி, தடித்த மரம்.

"நீங்க எப்பவும் இது மேலயா நிப்பீங்க?"

"ஆமாண்ணே. தர ஜில்லுனு கீதுன்னு நாந்தான் போட்டேன். எப்பனா எறங்கி நிப்பேன். இன்னிக்குக் காத்தால எறங்கித்தான் நின்னேன். அதான் தோள் வரைக்கும்..." பாதியில் நிறுத்தி, அக்காவைப் பார்த்தார்.

அந்தக் கூடத்தில் சாக்பீஸ் எழுத்து இல்லாத பொருள் அந்தப் பலகை ஒன்றுதான். இத்தனை நாளும் தங்கையைக் காப்பாற்றியதும் அதுதான். பண்டிதை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேய்ந்த இடத்தை வெட்டி, புது உறை சுற்றி, காலிலிருந்து விலக்கிக் கட்டினேன். புது உருகி போட்டேன். இந்த முறை சுவிட்சைப் போட்டதும் மெஷின் முனகி, நடுங்கி, ஓடியது. பொறி இல்லை, சத்தம் இல்லை. தொட்டுப் பார்க்கவேண்டியதுதான் பாக்கி. அதற்குச் சோதனை விளக்கு என்று ஒன்று இருக்கிறது. ஆபீசில் போய் எடுத்து வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கை வழக்கம்போல் பலகை மேல் ஏறக் காலைத் தூக்கினார்.

"இரு," என்றார் பண்டிதை.

பலகையைக் காலால் தள்ளினார். பக்கத்திலிருந்த தண்ணீர் அண்டாவில் இரண்டு கையையும் முக்கி எடுத்தார். ஈரத் தரையில் வெறுங்காலோடு மெஷினுக்கு முன்னால் நின்றார். நான் "அம்மா" என்று கத்தியது எனக்கே கேட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் எனாமலின் மேல் பதித்தார். உதடுகள் அசைந்தன. செபம் சொன்னாரா, வேறு ஏதாவதா, மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. கழுத்து நரம்பு துடிப்பது மட்டும் நான் நின்ற இடத்துக்குத் தெரிந்தது.

"யக்கா." தங்கை கிட்டே போகப் பயந்து நின்றார். "யக்கா, இன்னாக்கா இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"சிலிர்ப்பு?"

"ஒண்ணுமில்லடி."

தங்கைக்கு மூச்சு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லாததுக்கு இன்னா பேரு வெக்கப்போற?" என்றார்.

"வாய மூடு," என்றார் பண்டிதை. கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. துணியெல்லாம் துவைந்து முடிந்து, மெஷினை நான் அணைத்த பிறகும் எடுக்கவில்லை.